கூட்ஸ் வண்டியைப் படிக்கத் தெரியுமா?

கேட் போட்டாச்சு. கூட்ஸ் வருது. போனை எடுக்கறதுக்கு முன்னாடி அந்த வேகன்களைக் கொஞ்சம் பாருங்க. உள்ளே என்ன போகுதுன்னு எட்டிப் பார்க்காமலே ஓரளவு சொல்லிடலாம். அதுக்கு ஒரு கேள்வி போதும்: இந்தச் சரக்கை எப்படி இறக்குவாங்க? வேகனோட வடிவத்தைப் பெரும்பாலும் முடிவு பண்றது அதுதான்.

மேலே திறந்தது, உயரமான பக்கச் சுவர்: இது பாக்ஸ்-என். பெரும்பாலும் நிலக்கரி. பல அனல் மின் நிலையங்களில் 'வேகன் டிப்ளர்' என்ற இயந்திரம் வேகனை அப்படியே பிடிச்சுக் கவிழ்த்துடும். அதனால மேலே கூரை இருக்கக் கூடாது.

அதே வேகன் பாதிகூட நிரம்பாம போகுதா? இரும்புத் தாதுவா இருக்கலாம். கணக்கு சிம்பிள். பழைய பாக்ஸ்-என்னில் ஒரு அச்சுக்கு 20.32 டன், நாலு அச்சுக்கு 81.28 டன். காலி வேகனோட எடை சுமார் 22.5 டன். மீதி 58.8 டன் அளவுக்குத்தான் சரக்கு. தாது அடர்த்தி அதிகம். இடம் நிரம்பறதுக்கு முன்னாடியே எடை வரம்பு வந்துடும்.

அடிப்பாகம் புனல் மாதிரி குறுகினது: ஹாப்பர். கீழ்க் கதவைத் திறந்தா சரக்கு தானா கொட்டும். மின் நிலையத்துக்கு நிலக்கரியும், தண்டவாளத்துக்கு ஜல்லியும் இதில் போகும்.

நாலு பக்கமும் மூடி, பக்கவாட்டில் கதவு: பி.சி.என் வகை. அரிசி, நெல், உரம், சிமென்ட் என மூட்டைச் சரக்கு. மழையில் நனையக் கூடாது, லோடுமேன் உள்ளே போய் தூக்கணும். டெல்டா மாவட்டங்களில் கொள்முதல் செய்யும் நெல் அரவைக்குப் போறதும் இந்த மாதிரி வேகனில்தான்.

உருளை: டேங்கர். பெட்ரோல், டீசல் வேகனில் கீழே வால்வு இருக்கும். எல்பிஜி அழுத்தத்தில் இருப்பதால், அந்த டேங்கரில் வால்வுகள் மேலே இருக்கும்.

தட்டையான தளம்: கன்டெய்னர் வேகன். 40 அடி பெட்டி ஒண்ணு, இல்லேன்னா 20 அடி பெட்டி ரெண்டு.

ஜன்னல் அடைச்ச பழைய பாசஞ்சர் பெட்டி: ஏமாந்துடாதீங்க. உள்ளே புத்தம் புது கார்கள்! பெட்டியோட முனைக் கதவு வழியா வரிசையா ஓட்டிட்டுப் போய் நிறுத்துவாங்க.

அந்த 11 இலக்க எண்

இப்போ பக்கவாட்டில் எழுதியிருக்கற எண்ணுக்கு வருவோம். உதாரணத்துக்கு நாமே ஒண்ணு எழுதுவோம்: 30 06 12 1235 7.

முதல் ரெண்டு இலக்கம் வகை. 10 முதல் 29 வரை திறந்தது, 30 முதல் 39 மூடியது, 40 முதல் 54 டேங்கர், 70 முதல் 79 ஹாப்பர். அடுத்த ரெண்டு, சொந்தக்கார ரயில்வே. 06 என்றால் தெற்கு ரயில்வே. அடுத்தது தயாரான வருஷம், அதாவது 2012. பிறகு வரிசை எண்.

கடைசி 7 சரிபார்ப்பு இலக்கம். இரட்டை இடத்து இலக்கங்களைக் கூட்டுங்க: 0+6+2+2+5=15. அதை 3-ஆல் பெருக்கினா 45. ஒற்றை இடங்கள்: 3+0+1+1+3=8. மொத்தம் 53. அடுத்த பத்தின் மடங்கு 60, வித்தியாசம் 7. யாராவது ஒரு இலக்கத்தைத் தப்பா எழுதினா இங்கே மாட்டிக்கும். பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கற 13 இலக்க பார்கோடிலும் இதே கணக்குதான்.

பார்க்கறது தூரத்திலிருந்து மட்டும்

நின்னுட்டிருக்கற கூட்ஸ் மேல ஏறி செல்ஃபி எடுக்கப் போய், நம்ம வயசுப் பசங்க உயிர் போன செய்தி அடிக்கடி வருது. மேலே போற கம்பியில் 25,000 வோல்ட். அதைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் போனாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். வேகன் கூரைமேல நிக்கற ஆளோட தலைக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கற இடைவெளி ரொம்பக் கம்மி. அதே மாதிரி, ஸ்டேஷனுக்கு நேரமாச்சுன்னு வேகனுக்கு அடியில் குனிஞ்சு போகாதீங்க. அரை கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கற லோகோ பைலட்டுக்கு நீங்க அங்கே இருக்கறது தெரியாது.

பிளாட்பாரத்திலிருந்தோ கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தோ ஒரு எண்ணைக் குறிச்சுக்கிட்டு, கடைசி இலக்கம் சரியா வருதான்னு போட்டுப் பாருங்க.