சுனை நீரை நம்பலாமா?

தை பிறந்துவிட்டால் பெங்களூரில் வாழும் நம்மவர் இல்லங்களில் யாத்திரைப் பேச்சு எழுந்துவிடுகிறது. பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி மலையேற வனத்துறையினர் வழிவிடுகின்றனர். அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் பத்துப் பதினைந்து பேர் கூடி, இரவு வண்டியேறிக் கோவையில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பேருந்தில் சென்று பூண்டி அடிவாரத்தை அடைவது பல குடும்பங்களில் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். கம்பளி எடுத்தாயிற்றா, கைவிளக்கு எடுத்தாயிற்றா, மூங்கில் தடி அடிவாரத்தில் கிடைக்குமா என்றெல்லாம் ஒன்றுக்கு நாலு முறை கேட்பார்கள். தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால் மட்டும், "வழியெல்லாம் சுனை இருக்கிறதே!" என்று ஒரே சொல்லில் விடை வந்துவிடும்.

சுனை இருக்கிறது, மெய்தான். இரண்டாம் மலையில் பாம்பாட்டிச் சுனை, மூன்றாம் மலையில் கைதட்டிச் சுனை, ஆறாம் மலையில் ஆண்டிச் சுனை எனப் பெயர் சொல்லி வணங்கும் சுனைகளே உண்டு. பாறையின் பிளவிலிருந்து கசிந்து விழும் இடத்திலேயே ஏந்திப் பிடித்த நீர் பெரும்பாலும் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் விழா நாட்களில் ஆயிரக்கணக்கான மக்கள் ஒரே ஒற்றையடிப் பாதையில் இரவு முழுவதும் ஏறி இறங்குகின்றனர். ஆண்டிச் சுனையில் நீராடிவிட்டே ஏழாம் மலை ஏறுவது பலருடைய நியமம். யானையும் காட்டுமாடும் வந்துபோகும் காடு அது. இயற்கைக் கடன் கழிக்க முறையான வசதி மேலே ஏது? கண்ணுக்குத் தெளிவு என்பது ஒன்று. குடலுக்குத் தூய்மை என்பது வேறு. கன்னடநாட்டில் நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் ஏறுகிற சாவனதுர்கத்துக்கும், சுப்ரமண்யாவிலிருந்து ஏறும் 1,712 மீட்டர் உயரமுள்ள குமார பர்வதத்துக்கும் இதே கணக்குத்தான்.

நீரில் வரும் பகைவர் மூன்று வகையினர். அவர்களுடைய உருவ அளவைத் தெரிந்துகொண்டால், எந்தக் கருவி எதற்கு உதவும் என்பது தானே விளங்கிவிடும். ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுயிரிகள் இவர்களில் பெரியவர்கள்; ஏறக்குறைய 4 மைக்ரானிலிருந்து 12 மைக்ரான் வரை. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்தவை காலரா, டைபாய்டு முதலியவற்றை விளைவிக்கும் பாக்டீரியாக்கள். இவற்றின் அகலம் அரை மைக்ரான், ஒரு மைக்ரான் அளவில் இருக்கும். கடைசி வகை வைரஸ். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸின் அளவு 0.03 மைக்ரான்தான்.

இன்று கடைகளில் பெருமையாக விற்கப்படும் கைவடிகட்டிகளில் மெல்லிய உட்குழல் இழைகள் கட்டுக்கட்டாக அடைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் சுவரிலுள்ள துளைகள் 0.1 அல்லது 0.2 மைக்ரான். ஒட்டுயிரியும் பாக்டீரியாவும் அந்தத் துளையில் நுழைய மாட்டா. வைரஸோ, கொசுவலைக்குள் புகை நுழைவது போலப் போய்விடும். மேல்நாட்டார் எழுதும் மலையேற்ற நூல்களில் இந்த வடிகட்டி ஒன்றே போதும் என்றிருப்பதைப் பார்க்கலாம். மனித நடமாட்டம் குறைந்த அவர்களுடைய காடுகளில் மனிதக் கழிவால் வரும் வைரஸுக்கு இடம் குறைவு. அவர்களுக்கு அது பொருந்தும். நமது மலைகள் திருவிழாத் தெருக்கள். 2024ஆம் ஆண்டில் கேரளத்தின் வேங்கூர் ஊராட்சியில் குழாய் நீர் வழியாகவே ஹெபடைடிஸ் ஏ பரவி இருநூறு பேருக்கு மேல் படுக்கையில் வீழ்ந்தனர். குழாய்க்கே அந்தக் கதி என்றால் திறந்த சுனையைப் பற்றிக் கேட்பானேன்?

இந்த நோயின் வஞ்சகம் யாதெனில், அது உடனே காட்டிக்கொடுப்பதில்லை. கிருமி உட்சென்ற 15 நாள் முதல் 50 நாள் வரை கழித்தே காய்ச்சலும் கண் மஞ்சளும் தோன்றும். என் தமக்கை மகன் மலையேறித் திரும்பி ஒரு மாதம் கழித்துப் படுத்தான். கல்லூரித் தேர்வு கைநழுவிப் போயிற்று. முந்தின வாரம் உணவகத்தில் உண்டதே காரணம் என்று வீட்டார் எல்லோரும் பேசினர். சுனை நீர்தான் காரணம் என்று நானும் சாதிக்க மாட்டேன். அதை மெய்ப்பிக்க வழியில்லை. நாட்காட்டியை எடுத்துப் பின்னோக்கி எண்ணிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

"காய்ச்சிக் குடித்தால் போயிற்று" என்பர் நம் வீட்டுப் பெரியோர். அவர்கள் சொல்வதை மிஞ்சிய முறை இன்றளவும் இல்லை. நீர் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் மூவகைக் கிருமிகளும் மடிகின்றன. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் மூன்று நிமிடம் வேண்டும் என்பர். சபரிமலையில் சுக்கும் பதிமுகமும் வெட்டிவேரும் இட்டுக் காய்ச்சிய நீரை ஐயப்பன்மார்களுக்கு வழங்குகிறார்களே, அது சுவைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. ஆனால் மலைமேல் அடுப்பு ஏற்றுவது எங்ஙனம்?

இந்த இடத்தில் ரயில்வே எழுத்தன் என்ற முறையில் சற்று அழுத்தமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. சிறிய எரிவாயு அடுப்பு, கையடக்க உருளை, மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றைப் பயணியர் வண்டியில் எடுத்துச் செல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். அதன் 164ஆம் பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கிறது. தண்டனை கிடக்கட்டும். 2023 ஆகஸ்டு 26 அதிகாலையில் மதுரை நிலையத்தருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பற்றி ஒன்பது யாத்திரிகர்கள் மாண்டனர். உத்தரப் பிரதேசத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் அவர்கள். மறைத்துக் கொண்டுவந்த சமையல் உருளையே எமனாயிற்று. பையில் உள்ளது சின்ன உருளைதானே என்று நினைக்கும் நண்பர்கள் அந்தப் பெட்டியின் புகைப்படத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

காட்டில் சுள்ளி பொறுக்கிக் காய்ச்சலாமே என்றால், அதுவும் ஆகாது. வெள்ளியங்கிரியின் யாத்திரைக் காலமும் காட்டுத்தீக் காலமும் ஒன்றே. தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அடிவாரத்திலோ தங்கும் விடுதியிலோ காய்ச்சி ஆற்றிய நீரை ஆளுக்கு இரண்டு லிட்டர் சுமந்து ஏறுவது முதல் ஏற்பாடு. அது தீர்ந்த பின் என்ன செய்வது என்பதற்கே கருவி வேண்டும்.

மிகச் சிக்கனமானது குளோரின் மாத்திரை. மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். சட்டைப் பையில் அடங்கும். தெளிந்த நீரில் இட்டு அரைமணி காத்திருந்தால் பாக்டீரியாவும் வைரஸும் ஒழிகின்றன. இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரு லிட்டருக்கான மாத்திரையும் இருபது லிட்டருக்கான மாத்திரையும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று போலவே இருக்கும். உறையிலுள்ள அளவைப் படித்தே போடவேண்டும். நீர் கலங்கியிருந்தால் அந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். குளிர்ந்த நீருக்கு நேரம் இருமடங்கு கொடுப்பது நல்லது. வாடை பிடிக்கவில்லை என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிவோர் அரைமணி கழிந்த பிறகே பிழியவேண்டும். முன்னதாகப் பிழிந்தால் அதிலுள்ள வைட்டமின் சி குளோரினை முறித்துவிடும், கிருமி பிழைத்துக்கொள்ளும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு மட்டும் குளோரின் அஞ்சுவதில்லை. அயோடின் சேர்ந்த மாத்திரைகளும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு நோயாளிகளுக்கும் அவை ஆகா என்பதால் குடும்பத்தோடு செல்வோர் அவற்றை விட்டுவிடலாம்.

ஆகவே வடிகட்டி விடுவதை மாத்திரை கொல்கிறது. மாத்திரைக்கு அடங்காததை வடிகட்டி பிடிக்கிறது. முதலில் வடித்து, பிறகு மாத்திரை இட்டுக் குடிப்பதே நமது மலைகளுக்கு ஏற்றது என்பது என் துணிபு. இரண்டும் சேர்ந்தும் கால் கிலோ எடை வராது.

வடிகட்டியிலும் உருவம் பார்த்து வாங்கவேண்டும். உறிஞ்சுகுழல் வடிவில் வருவதைப் பலர் ஆசையோடு வாங்குகிறார்கள். சுனைக்கருகில் குப்புறப் படுத்து உறிஞ்சுகிறவனுக்கு மட்டுமே அது பயன்படும். பாறையடியில் களைத்து உட்கார்ந்திருக்கும் தாயாருக்கு ஒரு குவளை நீர் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. பையில் நீரை மொண்டு, வடிகட்டியைத் திருகி, பையைப் பிழிந்து பாட்டிலில் நிரப்பும் வகையே குடும்பத்துக்குச் சரி. பத்துப் பேராகச் செல்வோர் மரக்கிளையில் பையைத் தொங்கவிட்டு, நீர் தன் எடையாலேயே இறங்கும் வகையை வாங்கிச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பிழிகிற கைகளுக்கும் ஓய்வு.

விலைச்சீட்டில் "99.9 சதவீதம்" என்று கண்டவுடன் மயங்கவேண்டாம். எதில் 99.9? அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் 1987இல் வகுத்த அளவுகோலின்படி, சுத்திகரிப்பான் என்று பெயர் பெறும் கருவி பாக்டீரியாவில் பத்து லட்சத்துக்கு ஒன்றையும், வைரஸில் பத்தாயிரத்துக்கு ஒன்றையும், ஒட்டுயிரியில் ஆயிரத்துக்கு ஒன்றையும் மட்டுமே தப்பவிடலாம். வைரஸ் என்ற சொல்லே சீட்டில் இல்லையெனில் அது வெறும் வடிகட்டி என்று கொள்க. வெறும் வடிகட்டி கேவலமன்று. அதன் எல்லை நமக்குத் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவே.

புற ஊதாக் கதிர் பாய்ச்சும் பேனா போன்ற கருவி மற்றொன்று. ஒரு லிட்டர் நீரில் ஒன்றரை நிமிடம் கலக்கினால் வைரஸ் உட்பட மூவகையும் செயலிழக்கும். நீர் கலங்கலாக இருந்தால் கதிர் ஊடுருவாது. மின்கலம் தீர்ந்தால் அது ஒரு கண்ணாடிக் குச்சி. விலையும் நம்மவருக்கு அதிகம்.

நமது பாட்டிமார் வைத்தியம் என்னவாயிற்று என்று கேட்கலாம். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிவிப்பது கலித்தொகைக் காலத்திலேயே உவமையாகும் அளவுக்குப் பழகிய செயல். அது மண்ணை அடியில் படியவைக்கும். கிருமியை முழுதும் ஒழிக்காது. ஆனால் வடிகட்டியின் துளை அடைபடாமல் காக்க முதற்படியாக மிக நன்று. பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து வடிப்பதும் அப்படியே. வங்கதேசத்துக் கிராமங்களில் அவ்வாறு வடித்ததால் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென 2003இல் வெளியான ஆய்வு கூறுகிறது. காலராக் கிருமி நீரிலுள்ள சிற்றுயிர்களின் உடலில் ஒட்டிக்கொண்டிருப்பதால், துணி அந்தச் சிற்றுயிரைப் பிடிக்கும்போது கிருமியும் சிக்குகிறது. செப்புப் பாத்திரத்தின் பெருமையை நமது பெங்களூரிலேயே, எலகங்காவை அடுத்த ஆயுர்வேத ஆய்வு நிலையத்தில் சோதித்து 2012இல் வெளியிட்டனர்: 16 மணி நேரம் செம்பில் நின்ற நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் மடிந்தன. இரவே நிரப்பிவைத்து எடுத்துச் செல்ல அது சரி. சுனையில் மொண்டு அடுத்த நிமிடம் குடிக்கிறவனுக்குச் செம்பு என்ன செய்யும்? செம்புப் பாட்டிலில் மோரோ எலுமிச்சைச் சாறோ வைத்தலும் கூடாது.

எந்தக் கருவிக்கும் அடங்காத நீரும் உண்டு. கிருமியைப் பிடிக்கும் துளை, கரைந்த நஞ்சைப் பிடிக்காது. நந்திமலைப் பக்கத்தில் தோன்றும் தென்பெண்ணை, வர்த்தூர் ஏரியின் கழிவைச் சுமந்துகொண்டே நம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மைசூர்ச் சாலையோரம் ஓடும் விருஷபாவதி ஆலைக் கழிவையும் சாக்கடையையும் அர்க்காவதியில் கொண்டு சேர்க்கிறது. கோலார்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு மிகுதி. பிக்னிக் போன இடத்தில் ஆறு அழகாக ஓடுகிறதென்று இவற்றை வடித்துக் குடிக்கத் துணியலாகாது. காய்ச்சினாலும் ரசாயனம் போகாது.

நீலகிரிக்குச் செல்வோர்க்கு வேறொரு காரணத்தாலும் இந்தக் கருவிகள் உதவும். தமிழ்நாட்டு மலைகளில் பிளாஸ்டிக் பாட்டில் நீருக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 5 லிட்டருக்குக் குறைந்த குடிநீர்ப் பாட்டில்களை நீலகிரி மாவட்டத்தில் 2019இலேயே தடைசெய்தனர். எஃகுப் பாட்டிலும் பிழியும் வடிகட்டியும் கையிலிருந்தால் சோதனைச் சாவடியில் வாக்குவாதம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் எவருக்கேனும் வயிறு கெட்டுவிட்டால், உப்புச் சர்க்கரைப் பொடிப் பொட்டலத்தைத் தூய்மித்த நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். பொட்டலம் இல்லையேல் ஒரு லிட்டருக்கு வழித்த தேக்கரண்டி ஆறு சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரத்தம் கலந்து போனாலும், சிறுநீர் நின்றுவிட்டாலும் யாத்திரையை அத்துடன் நிறுத்தி இறங்கிவிடுவதே முறை.

கருவி வாங்குவோர் அதைப் புறப்படும் முன்பே வீட்டுக் குழாயில் ஒருமுறை இயக்கிப் பழகுக. மலையில் நீர் இறங்குவது மெதுவானால், கூடவே தரப்படும் பீச்சுகுழலால் தூய நீரை எதிர்த்திசையில் செலுத்தினால் துளைகள் திறந்துகொள்ளும். திரும்பி வந்ததும் அவ்வாறே கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்தி வைக்கவேண்டும். உறைநிலைக் குளிரில் விடக்கூடாது. இழை வெடித்தாலும் வெளியே தெரியாது. ஈரத்தோடு அலமாரியில் போட்டுவைத்தால் அடுத்த ஆண்டு திறக்கும்போது பூஞ்சை வாடை வரும். அப்படி வந்ததை இரக்கமின்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குக.