டிராக்டரின் கணப்பு

மார்கழி மாதத்து விடியற்காலையில் பழைய டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு போகையில் விரல்கள் ஸ்டீயரிங்கிலேயே மரத்துப் போகின்றன, இதற்கு ஏதேனும் உபாயம் உண்டா என்று பலமனேர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். திருப்பதியின் வெயிலை மட்டும் அறிந்தவர்களுக்கு இக்கேள்வி விசித்திரமாகப் படலாம். திருமலைக்கு மேற்கே, ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் பலமனேர், மதனப்பள்ளி மேட்டு நிலங்களின் பனியில் ஒரு பொழுதேனும் நடுங்கியவர்கள் அவருடைய சிரமத்தை உடனே உணர்ந்துகொள்வார்கள்.

டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. எஞ்சியதெல்லாம் உஷ்ணமாகி, புகையோடும் ரேடியேட்டரின் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் விசிறி, காற்றை முன்புறமிருந்து இழுத்து எஞ்சினின் மீது பின்னோக்கித் தள்ளுவதால், அந்த உஷ்ணம் புறப்படுவது என்னவோ ஓட்டுபவரை நோக்கித்தான். ஆனால் எஞ்சினின் இரு பக்கமும் திறந்து கிடப்பதால் வாடைக்காற்று அதை வழியிலேயே கலைத்துவிடுகிறது.

ஓட்டுநருக்குக் கண்ணாடிக் கூண்டு அமைத்த டிராக்டர்கள் பரவுவதற்கு முன்னர், அமெரிக்காவிலும் கானடாவிலும் உறைபனியில் உழைத்த விவசாயிகள் இதற்குக் கண்ட பரிகாரம் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. எஞ்சினின் இரு பக்கங்களையும் தடித்த கித்தான் துணியால் மறைத்து, அத்துணியை ஓட்டுபவரின் முழங்கால் வரை இருபுறமும் இழுத்துக் கட்டி, எதிரே காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடியும் பொருத்திவிட்டால், விசிறி தள்ளும் வெப்பம் குழாயில் வருவதுபோல நேரே ஆசனத்துக்கு வந்து சேர்கிறது. இதற்கென்று ஒரு சொட்டு எண்ணெய் கூட அதிகம் செலவாவதில்லை. திருமலையில் வைகுண்ட ஏகாதசிக் குளிரில் நின்றவன் நான். மேலே போர்த்திய சால்வையின் கனத்தைவிட, காற்றுப் புகாதபடி காதோடு இறுக்கிச் சுற்றிய மெல்லிய துண்டுதான் அன்று என்னைக் காப்பாற்றியது. கித்தான் செய்வதும் அதே காரியந்தான்.

நம் ஊரில் தார்ப்பாய் போதும். ஆனால் அது சைலன்சரையோ விசிறியையோ தொடலாகாது. ரேடியேட்டரின் முகத்தையும் மூடலாகாது. புகைக்குழாயின் இணைப்பில் கசிவு இருந்தால், வெப்பத்தோடு கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற விஷவாயுவும் முகத்துக்கே வரும். ஆதலால் முதலில் அதைச் செப்பனிட வேண்டும். கழுத்தில் சுற்றிய மப்ளரின் நுனியைத் தொங்கவிடுவது அதைவிட அபாயம்: இணைத்த கருவிகளை ஓட்டும் பின்புறத்து பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று சுழல்வது. துணி சிக்கினால் தம்மை விடுவித்துக்கொள்ள அவகாசமே கிடையாது.

மனிதனைப் போலவே எஞ்சினுக்கும் ஓரளவு சூடு வேண்டும் என்பதை நாம் மறந்துவிட்டோம். தண்ணீர் கொதித்துவிடுமே என்ற பயத்தில், எஞ்சின் சூடாகும்வரை அத்தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. அது இல்லாத எஞ்சின் குளிர்காலத்தில் சூடேறவே வெகு நேரமாகும், அதுவரை டீசல் முற்றிலும் எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து, கீழேயுள்ள மசகெண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும், தேய்மானம் பெருகும். கொதிப்புக்கு உண்மைக் காரணம் பெரும்பாலும் அடைத்துப்போன ரேடியேட்டரும் தளர்ந்த விசிறிப் பட்டையுமே. அவற்றைக் கவனியாமல், குற்றமற்ற ஒரு சிறு கருவியைத் தண்டிப்பது நியாயமன்று.

சூடேறாத எஞ்சின் ஆசனத்துக்கும் சூடு தராது. ஆகவே பலமனேர் அன்பர் தார்ப்பாய் வாங்கக் கடைக்குப் போகுமுன், தம் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பார்த்து, இல்லாவிடில் இந்த மார்கழிக்குள்ளேயே ஒன்றைப் பொருத்திக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.