சதுப்பு நிலத்தின் மட்டக் கணக்கு

கொத்தனார் நீளமான டியூபில் தண்ணீரை நிரப்பி, இரு சுவர்களுக்கு மட்டம் பார்ப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நின்றுவிடும். உயர வேறுபாடு இல்லையேல் ஓட்டமும் இல்லை. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் எதிர்காலம் இந்த எளிய விதியைப் பொறுத்திருக்கிறது.

சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணையில் வந்து தங்குகிறது. பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் கழிமுகத்தில் கடலில் கலக்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது குறிக்கப்பட்ட பரப்பு சுமார் 1,247 எக்டேர். இப்பரப்பில் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் எவ்வளவு நீர் தங்கும்? பெருக்கிப் பாருங்கள்: 1,247 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரிகளில் ஏற்றினால் 12 லட்சம் லாரிகளுக்கு மேல் வேண்டும்! கோடையில் ஒரே ஒரு லாரிக்காகக் குடத்துடன் காத்து நிற்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இத்தொட்டியின் இரு வாய்களையும் தட்பவெப்ப மாற்றம் தாக்குகிறது. காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அதில் இருக்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். ஆகவே கனமழை மேலும் கனக்கிறது. உள்ளே வரும் நீர் பெருகுகிறது. வெளியேறும் வாயிலிலோ கடல் உயர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்களின் சராசரி மட்டம் ஏறக்குறைய 20 செ.மீ. உயர்ந்துள்ளது. ஒரு சாண்தானே என்று எண்ண வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் அருவிக்கு இது பொருட்டல்ல. கடலையொட்டித் தாழ்வாகக் கிடக்கும் சதுப்பு நிலத்துக்கோ இருக்கும் சரிவே சொற்பம். அதில் ஒரு சாண் குறைந்தாலும் ஓட்டம் மந்தமாகிவிடும்.

நீர் வடியாவிட்டால் பறவைகளுக்கும் தொல்லைதான். உள்ளான்கள் ஆழமற்ற நீரில் நடந்து இரை தேடுபவை. நெடுங்காலுடைய பூநாரைக்குக்கூட ஓர் ஆழத்துக்கு மேல் வசதிப்படாது.

2007இல் இங்கே 317 எக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. நல்லதே. ஆனால் தண்ணீர் வேலியை மதிப்பதில்லை. வேலிக்கு வெளியே மடுவு குறுகினால் உள்ளே மட்டம் ஏறும். சதுப்பில் கொட்டப்படும் ஒவ்வொரு கன மீட்டர் மண்ணும் குப்பையும் நீர் தங்கும் இடத்தை அந்த அளவுக்கு அபகரித்துக்கொள்ளும். அந்த நீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் வெள்ளத்தைக் கண்டவர்களைக் கேளுங்கள். எனவே, காப்பகத்தின் எல்லையை வரையும்போது வரத்துக் கால்வாய்களையும் மடுவின் முழு அகலத்தையும் சேர்த்தே வரைய வேண்டும் என்பேன்.

உங்கள் ஊர் ஏரியிலும் இதைச் சோதிக்கலாம். பெருமழை நின்றதும் கரையோரம் அளவு குறித்த கழி ஒன்றை நட்டு, நீர்மட்டத்தை நாள்தோறும் எழுதி வாருங்கள். கலங்கல் மட்டத்துக்கு நீர் இறங்க எத்தனை நாளாகிறது என்று ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டால், போக்குக் கால்வாய் அடைபட்டு வருகிறதா என்பது புலப்படும்.