நூலகத்துக்குப் பின்னால் ஒரு நீதிமன்றம்

மில்டன் கீன்ஸ், 1967-இல் அறிவிக்கப்பட்ட புதுநகரம். இங்கிலாந்தில் லண்டனுக்கு வடமேற்கே இருக்கிறது. அதன் மத்திய நூலகத்தின் பின்புறம் புல் மூடிய மேடு ஒன்று உண்டு. ஷாப்பிங் போகிறவர்கள் பூங்கா அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சுற்றுவட்டார ஊர்களின் வழக்குகள் தீர்ந்த இடம் அது. பெயர் செக்லோ.

அன்றைய இங்கிலாந்தில் கவுண்டிகள் ‘ஹண்ட்ரட்’களாகப் பிரிந்திருந்தன; நம் பிர்க்கா மாதிரி. ஒவ்வொரு ஹண்ட்ரடின் மன்றமும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்றது 10-ஆம் நூற்றாண்டின் அரசாணை. கட்டடம் கிடையாது. குன்று, ஆற்றுத்துறை, மரம், நட்ட கல், எது அடையாளமோ அங்கே கூடினார்கள். செக்லோவை 1970-களின் பிற்பகுதியில் அகழ்ந்தபோது கல்லறை எதுவும் அகப்படவில்லை. சுற்றிலும் வட்டமாகப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணையே நடுவில் குவித்திருந்தார்கள். கூடிப் பேசவென்றே எழுப்பிய மேடு! இன்று நாம் பார்ப்பது அகழாய்வுக்குப் பின் மறுபடி அமைத்தது.

13-ஆம் நூற்றாண்டுக்குள் பாதிக்கு மேற்பட்ட ஹண்ட்ரட்கள் தனியார் பிரபுக்களின் கைக்குப் போய்விட்டன. அபராதத் தொகையில் நல்ல வருமானம் இருந்தது. அதே காலத்தில்தான் வசதியுள்ளவர்கள் வீட்டைச் சுற்றி அகழி வெட்டத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் மட்டும் சுமார் 6,000 இடங்கள் தெரியவந்துள்ளன. எதிரிக்குப் பயந்து வெட்டியதைவிட ஊர் பார்க்க வெட்டியதே அதிகம் என்பேன். கிராமத்தானின் சில்லறை வழக்குகள் பண்ணைப் பிரபுக்களின் அகழி சூழ்ந்த கூடங்களுக்கு நகர்ந்தன. பின்னால் அந்த அகழிகளிலும் பலவற்றை மண் போட்டு நிரப்பி உழுதுவிட்டார்கள். கோடை கடுமையாகக் காய்ந்தால், விமானத்திலிருந்து பார்க்கையில் பயிரின் நிற வேறுபாட்டில் சதுரம் சதுரமாகத் தெரிகின்றன.

ஹண்ட்ரட் வழக்கம் மட்டும் அழியாத இடமும் உண்டு. வார்விக்‌ஷயரின் நைட்லோ குன்றில் ஆண்டுதோறும் நவம்பர் 11, பொழுது விடியுமுன் மக்கள் திரள்கிறார்கள். பக்ளூ பிரபுவின் பிரதிநிதி ஊர்ப் பெயர்களை வாசிக்க, ஊருக்கு ஒருவர் முன்வந்து பழைய கல்லின் குழியில் காசு போடுகிறார். மொத்த வசூல் 46 பென்ஸ். கட்டத் தவறினால் மூக்கும் காதும் சிவந்த வெள்ளைக் காளை ஒன்று தர வேண்டுமாம். பிறகு பப்பில் காலைச் சாப்பாடு, ரம் கலந்த சூடான பால்.

நாடாளுமன்றத்திலும் ஹண்ட்ரட் சாகவில்லை. பிரிட்டிஷ் எம்.பி. ஒருவர் நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. ‘சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ்’ காரியஸ்தர் பதவியைக் கேட்டு வாங்குவார். அரசுப் பதவி ஏற்றதால் அவரது இடம் காலியாகிவிடும். அந்தக் காரியஸ்தருக்குச் சம்பளமும் இல்லை, வேலையும் இல்லை.