எந்தப் பிரதி அசல்?

பழைய படங்கள் புதுப் பொலிவுடன் திரும்பி வருகின்றன. வருவது அதே படம்தானா என்பதுதான் மலையாள ரசிகர்களின் கேள்வி.

2023 நவம்பர். திருவனந்தபுரம் கைரளி தியேட்டர் வாசலில் மழையையும் பொருட்படுத்தாமல் காத்திருந்தது கூட்டம். புதுப்பட ரிலீஸ் எதுவும் இல்லை. 1993-ல் வெளிவந்து, டி.வி.யில் எத்தனையோ முறை பார்த்துச் சலித்திருக்க வேண்டிய 'மணிச்சித்ரத்தாழ்' - நம்மூர் 'சந்திரமுகி'க்கு மூலம். அரசின் கேரளீயம் விழாவுக்காகத் திரையிட்டார்கள். கூட்டம் அடங்காமல் கூடுதல் காட்சிகள் நடத்த வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் படம் 4கே தரத்தில் மறுபடி தியேட்டர்களுக்கே வந்துவிட்டது.

பழைய படங்களுக்கு மவுசு கூடியிருப்பது உண்மை. கூடவே ஒரு சங்கடமும் வந்திருக்கிறது. 1995-ல் வந்த 'ஸ்படிக'த்தை 2023-ல் மறுபடி வெளியிட்டபோது இயக்குநர் பத்ரன் புதிய ஷாட்களைச் சேர்த்தார். 'தேவதூதன்' (2000) 2024-ல் திரும்பியபோது வேறு எடிட்டிங்கில் வந்தது. தன் படத்தைத் திருத்த இயக்குநருக்கு உரிமை இல்லையா? உண்டு. ஆனால் பழைய வடிவமும் அதே தரத்தில் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது ரசிகர்களின் நியாயமான எதிர்பார்ப்பு. மோனோ ஒலியை எடுத்துவிட்டுப் புது ஒலி சேர்ப்பதும், அகலத் திரைக்காகக் காட்சியின் மேலும் கீழும் வெட்டுவதும் புதுப்பித்தல்தான், மீட்பு அல்ல.

மீட்பு என்றால் என்ன என்பதற்கும் கேரளத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஜி. அரவிந்தனின் 'தம்பு' (1978), 'கும்மாட்டி' (1979) இரண்டின் அசல் நெகட்டிவும் அழிந்துவிட்டன. பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரதிகள்தான் கைகொடுத்தன. மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், இத்தாலியின் போலோன்யா நகர நிபுணர்களோடும் மார்ட்டின் ஸ்கார்செஸியின் அமைப்போடும் சேர்ந்து களமிறங்கியது. 'தம்பு'வின் வேலையில் சென்னை பிரசாத் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. வினாடிக்கு 24 சட்டங்கள். இரண்டு மணி நேரப் படத்தில் சுமார் 1.73 லட்சம். கீறலும் கறையும் ஒவ்வொன்றிலிருந்தும் நீக்கப்பட வேண்டும். 'கும்மாட்டி' 2021-ல் போலோன்யா விழாவிலும், 'தம்பு' 2022-ல் கான் விழாவிலும் திரையேறின.

கறையை அகற்றிவிடலாம். வெளிறிய நிறம் முதலில் எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பது? அரவிந்தன் 1991-லேயே மறைந்துவிட்டார். இரண்டு படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்த ஷாஜி என். கருணின் ஆலோசனை அதனால்தான் விலைமதிப்பற்றதாக இருந்தது. அவரும் 2025 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் காலமானார்.

'ஷோலே' இன்னொரு பாடம். நெருக்கடி நிலைக் காலத் தணிக்கையால் 1975-ல் மாற்றப்பட்ட முடிவு, ஐம்பது வருடம் கழித்து, 2025-ல் மீட்கப்பட்ட பிரதியில் அசல் வடிவில் திரும்பியது. எங்கோ ஒரு கிடங்கில் சில சுருள்கள் தப்பியிருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

தப்பாதவையும் உண்டு. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' திருவனந்தபுரம் கேபிடால் தியேட்டரில்தான் திரையிடப்பட்டது. அதை எடுத்த ஜே.சி. டேனியல் 1975-ல் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் இறந்தார். படத்தின் ஓர் அடிகூட இன்று இல்லை. நாயகி பி.கே. ரோஸி திரையில் எப்படி நடித்தார் என்பதை இனி யாரும் பார்க்க முடியாது. அடுத்து வந்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) பிழைத்ததற்குக் காரணம் ஒரு வழக்கு. நாவலின் உரிமை வைத்திருந்த புத்தக நிறுவனம் வழக்குப் போட்டது, படம் முடங்கியது. முடங்கிய அந்தப் பிரதி 1974-ல் ஆவணக் காப்பகத்தின் கைக்கு வந்தது.

வழக்கும் அதிர்ஷ்டமும்தான் படங்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை மாற, ஆட்கள் வேண்டும். 2024 நவம்பரில் திருவனந்தபுரத்தில் ஃபிலிம் பாதுகாப்புப் பயிற்சி முகாம் நடந்தது நல்ல தொடக்கம். ஈரக் காற்று வீசும் இந்தக் கடலோர மாநிலத்தில் ஃபிலிம் சுருளுக்கு ஆயுள் குறைவு. புளித்த வினிகர் நெடி அடிக்க ஆரம்பித்துவிட்ட சுருளுக்கு அவகாசம் அதிகமில்லை. அந்தப் படங்களின் நிறமும் ஒலியும் நினைவில் இருக்கும் மனிதர்களும் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.