கார் ஸ்டார்ட் ஆகலையா? மெக்கானிக்கை அழைக்கும் முன் வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்?

ஹைதராபாத்தின் வடக்கே உள்ள அல்வாலில் இருந்து ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர் வாரநாட்களில் காரை எடுப்பதில்லை. பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை, மீதி நாள் ஆபீஸ் கேப். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வாரக்கணக்கில் நிற்கும் காரில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான் வரும்.

"பேட்டரி போச்சு சார், மாத்திடலாம்" என்று மெக்கானிக் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டுமா?

நிற்கும் காரில் சார்ஜ் எங்கே போகிறது?

ஆஃப் செய்த காரிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் ஆகியவை கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இது சகஜம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் என்றால், 20 நாளில் 24. சின்ன கார்களின் பேட்டரியே சுமார் 35 ஆம்பியர்-ஹவர்தான். அதனால் பேட்டரி கெட்டுப்போகாமல், வெறுமனே காலியாகியிருக்கவும் வாய்ப்புண்டு.

முதலில் எதைக் கவனிப்பது?

* டேஷ்போர்டு விளக்கு மங்கி, 'டிக் டிக்' என்று வேகமாகக் கேட்டால்: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ்.
* விளக்கு பிரகாசமாக இருந்தும் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால்: ஸ்டார்ட்டர் அல்லது ரிலே மீது சந்தேகம்.
* ஹாரன் அல்லது வைப்பர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால்: முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

மல்ட்டிமீட்டர் என்ன சொல்லும்?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொடுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்டும். 13-ஐத் தாண்டவே இல்லையா? ஆல்டர்நேட்டரோ அதன் பெல்ட்டோ காரணமாக இருக்கலாம். அப்படியிருக்க புது பேட்டரி போட்டால், அதுவும் சில நாளில் இறங்கிவிடும். பல ஆயிரம் ரூபாய் வீண்.

டெர்மினலில் வெள்ளை, பச்சைப் பொடி?

அது மின்சாரத்தைத் தடுக்கும் அரிப்பு. கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் காரின் பாடியைத் தொட்டதும் தீப்பொறி பறக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு இறுக்குங்கள்.

ஃபியூஸில் செய்யவே கூடாதது எது?

சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. 15 போனால் 15-தான் போட வேண்டும். "இப்போதைக்கு ஓடட்டும்" என்று 30-ஐயோ அலுமினிய ஃபாயிலையோ வைத்தால், உருக வேண்டிய ஃபியூஸுக்கு முன் ஒயர் சூடாகும். கார் தீப்பிடிக்க அது போதும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மழைநீரில் நின்ற கார் என்றால்?

2020 அக்டோபர் 13 அன்று கொட்டிய மழையில் ஹைதராபாத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் இன்ஜினே உடையும். இன்ஜின் பாதுகாப்பு கவர் இல்லாத பாலிசியில் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். நேராக டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஹைப்ரிட், மின்சார கார்களின் ஆரஞ்சு நிற ஒயர்களையும், ஏர்பேக் ஒயரிங்கையும் வீட்டில் தொடவே வேண்டாம்.

மற்றபடி, நின்றபோது எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை வோல்ட் என்ற இரண்டு எண்களையும் போனில் குறித்து வையுங்கள். உங்களுக்குத் தெலுங்கு சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. அந்த எண்களைக் காட்டினால் போதும், மெக்கானிக்குடனான பேச்சு பேட்டரி விலையில் இல்லாமல் பழுதிலிருந்து தொடங்கும்.