சான்றிதழ் வெறும் கடதாசியாகிவிடக் கூடாது

விமானங்களின் உட்புறத்தில் செய்யப்படும் மாற்றங்களை நாம் வெறும் அலங்கார வேலையென எண்ணிவிடலாகாது. ஒரு விமானத்தின் வடிவமைப்புக்கு ஆரம்பத்தில் வழங்கப்படும் வகைச் சான்றிதழ், பின்னர் புதிதாகப் பொருத்தப்படும் தொகுதிகளுக்குப் போதுமானதன்று. பெரிய மாற்றங்களுக்கு மேலதிகச் சான்றிதழ் பெறப்பட வேண்டும். பொருள்கள் எளிதில் தீப்பற்றுமா, மின்னிணைப்பு பாதுகாப்பானதா, அவசர வேளையில் பயணிகள் வெளியேற இடையூறு நேருமா என்பன அப்போது ஆராயப்படுகின்றன.

1998 செப்டெம்பர் 2ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து ஜெனீவா நோக்கிப் புறப்பட்ட சுவிஸ் எயார் விமானம் தீப்பற்றி, கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 229 பேரும் உயிரிழந்தனர். பிற்காலத்தில் பொருத்தப்பட்ட பொழுதுபோக்குத் தொகுதியின் மின்கம்பியொன்றில், தீ மூண்ட பகுதியில் மின்பொறி எழுந்திருந்ததைக் கனேடிய விசாரணையாளர்கள் கண்டறிந்தனர். அதுவே முதற்பொறியென 2003ஆம் ஆண்டின் இறுதி அறிக்கை அறுதியிடவில்லை. ஆயினும், பயணிகள் பகுதிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆளியை விமானி அணைத்தாலும் அத்தொகுதிக்கு மின்சாரம் பாய்ந்துகொண்டேயிருக்கும் என்பது தெரியவந்தது. அத்தொகுதியும் சான்றிதழ் பெற்றதே!

புதிய பொருள் தன்னளவில் தரமானதா என்று கேட்பது மட்டும் போதாது. விமானத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு அது இசைகிறதா என்றும் கேட்கப்பட வேண்டும். அக்கேள்வி கேட்கப்படாமல் வழங்கப்படும் சான்றிதழ் வெறும் கடதாசியே என்பது எமது கருத்தாகும்.